திறந்த இணையம், பெரிய கம்பெனிகள், செய்தி ஊடகம்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கத்து ஊர்களின் வரலாறு, கலை, தொழில் பற்றி இணையத்தில் எழுதியும் படம் ஏற்றியும் வருகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். நூலகங்களிலும் கல்லூரிகளிலும் பயிற்சி நடத்தும்போது அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களில் நெசவாளர், கும்மி ஆசிரியர், நிருபர், மாணவர், கடைக்காரர் எல்லோரும் உண்டு. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான விளக்கம்தான். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

திறந்த இணையம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பக்கத்தைப் போடலாம். எந்தப் பக்கத்திலிருந்தும் எந்தப் பக்கத்துக்கும் இணைப்பு கொடுக்கலாம். எந்த ஃபோனிலும் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். இவ்வளவுதான்.

இது தானாக இப்படி அமைந்துவிடவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வைய விரிவு வலையை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதன் நிரல்களை உரிமைத்தொகை எதுவும் இல்லாமல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், வலைக்குப் போட்டியாக இருந்த கோஃபர் என்ற முறைக்கு அதை உருவாக்கிய மின்னசோட்டா பல்கலைக்கழகம் கட்டணம் கேட்கப்போவதாகச் சொன்னது. ஜனம் அதை விட்டு விலக ஆரம்பித்தது. இன்று கோஃபரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாம் காலை எழுந்ததும் திறக்கும் இணையம், யாரோ சிலர் காசு கேட்காமல் விட்டதால் நமக்குக் கிடைத்தது.

தமிழுக்கும் அப்படித்தான் நடந்தது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சங்க நூல்களைச் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் நாளிதழ் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தன. அதை இறக்காவிட்டால் திரையில் தெரிவது கிறுக்கல்தான். தேடினாலும் எதுவும் அகப்படாது. ஒருங்குறியில் (யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுதுவதை வழக்கமாக்கியதில் பெரும்பங்கு இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களைச் செய்து கொடுத்தவர்களுக்கும் அதில் எழுதிக் குவித்தவர்களுக்கும் உரியது. பெரிய பத்திரிகைகள் அந்தப் பாதைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. அதில் பெரும்பாலான கட்டுரைகளுக்கு யாருக்கும் கூலி கிடையாது.

இதெல்லாம் மேல்நாட்டுக்காரர்களின் கொள்கைதானே? நமக்கு ஒத்துவருமா?

பாரதியார் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு வணிகர் வழியாகப் படத் தயாரிப்பாளர் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் போயிருந்தது. பாரதி பாட்டை ஒருவர் பாட இன்னொருவரிடம் கேட்க வேண்டிய நிலை. பாரதி பொதுச் சொத்தாக வேண்டும் என்று தமிழ்நாடே குரல் கொடுத்தது. செட்டியாரும் உரிமையை ஒப்படைத்தார். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமைகளைக் கையில் எடுத்துப் பிறகு மக்களுக்கே கொடுத்தது. தன் படைப்பை மற்றவரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-ல்தான் வந்தன. அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பே இந்தச் சண்டையைப் போட்டு ஜெயித்த ஊர் இது.

அப்புறம் எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன. குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுக்கிறது; நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், விற்கலாம், இணையத்தில் ஏற்றலாம். விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் இன்று நீங்கள் படிக்கும் நூல்களில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான். எழுதியவர் குடும்பத்துக்கும் காசு, படிக்கிறவருக்கும் புத்தகம் என்று இரண்டையும் சேர்த்து யோசித்த ஏற்பாடு இது. எனக்கு இதில் பெருமை உண்டு.

ஏனுங்க, எல்லாத்தையும் சும்மா குடுத்துட்டா பொழப்பு எப்படிங்க நடக்கும்?

எல்லாவற்றையும் சும்மா கொடுக்கச் சொல்லவில்லைங்க. சம்பாதிப்பதற்கும் திறந்த இணையத்துக்கும் பகையே கிடையாது.

காளிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். எழுநூறு ஆண்டுக்கும் மேலாகப் பவானியிலிருந்து கொடுமுடி வரைக்கும் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த மஞ்சளை விற்று லாபம் பார்த்தவர்களை யாரும் குறை சொன்னதில்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒருவர் தனக்கென மடை போட்டு, கீழ்மடைக்காரர்களிடம் கட்டணம் கேட்டால்தான் சண்டை வரும்.

இணையத்தில் நடக்கும் சண்டையும் அந்த மடையைப் பற்றியதுதான். ஒரு கம்பெனி நல்ல பொருள் செய்து விற்றால் மகிழ்ச்சி. நீங்கள் போட்ட சரக்கை, உங்களைத் தேடி வந்த வாடிக்கையாளரை, நீங்கள் சேர்த்த வாசகரைத் தன் வேலிக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அவர்களிடம் போய்ச் சேர உங்களிடமே விளம்பரக் காசு கேட்டால் அதைச் சும்மா விட முடியாது.

இதை மாற்ற முடியுமா என்ற முயற்சி நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது. ஓஎன்டிசி என்ற திறந்த வணிக வலையமைப்பின் முன்னோட்டம் 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் தொடங்கியது. அதில் கோவையும் ஒன்று. கடைக்காரர் ஒரு செயலியில் இருப்பார், வாங்குபவர் வேறு செயலியில் இருப்பார். இரண்டு செயலிகளும் பொதுவான ஒரே தொழில்நுட்ப விதிப்படி பேசிக்கொள்ளும். பெரிய தளங்களுக்கு ஈடாக அது இன்னும் வளரவில்லை. ஆனால் கடைக்காரர் ஒரே தளத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கத் தேவையில்லை என்ற எண்ணம் சரியானது.

சமூக ஊடகமும் இணையம்தானே? அங்கே போட்டால் போதாதா?

அங்கேயும் போடுங்கள். அங்கே மட்டும் போடாதீர்கள்.

சென்னிமலையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு நெசவுக் குடும்பம் போர்வையும் ஜமுக்காளமும் விற்பதை முழுக்க ஒரு சமூக ஊடகப் பக்கத்துக்கு மாற்றியிருந்தது. வாடிக்கையாளர் முகவரி, ஃபோன் எண், எந்தக் கரைக்கு எந்த நிறம் என்று பேசி முடித்த விவரம் எல்லாமே அந்த உள்பெட்டியில்தான். ஒரு நாள் காலையில் பக்கம் முடக்கப்பட்டிருந்தது. விதிமீறல் என்று ஒரு வரி வந்தது. எந்த விதி என்று இல்லை. கேட்க ஃபோன் எண்ணும் இல்லை. தறியில் பாதி ஓடிக்கொண்டிருந்த போர்வை யாருடைய ஆர்டர் என்பது கூடத் தெரியாமல் அந்த அம்மா தவித்ததைப் பார்த்தோம். மேல்முறையீட்டுக்கு அனுப்பிய மூன்று கடிதத்துக்கும் ஒரே தானியங்கி பதில்தான் வந்தது.

இப்போது அவர்கள் மகன் ஒரு சின்னத் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார். போர்வைப் படங்கள், விலை, ஃபோன் எண், அவ்வளவுதான். சமூக ஊடகத்தில் போடும் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தத் தளத்தின் முகவரி இருக்கும். ஆர்டர் விவரத்தை நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவைக்கிறார்கள்.

பெரிய கம்பெனி என்பதால் நிலைத்து நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். லட்சக்கணக்கான பேர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009-ல் மூடியது. தமிழர்கள் பக்கம் பக்கமாக விவாதித்த யாகூ குழுமங்கள் 2020-ல் முடிந்தன. பல தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் நின்றது. நகல் எடுத்து வைத்திருந்தவர்களிடம் மட்டும்தான் இன்று அந்த எழுத்துகள் இருக்கின்றன.

சொந்தத் தளத்துக்கு எவ்வளவு செலவு?

முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றளவில் ஆகும். எழுத்தும் படமும் மட்டுமுள்ள சின்னத் தளத்தை இலவசமாக வைத்துக்கொள்ளவே இடங்கள் இருக்கின்றன. முகவரி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளம் செய்து கொடுப்பவர் தன் பெயரில் பதிந்துவிட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு.

சொந்தத் தளத்துக்கு யார் வருவார்கள்? அல்காரிதம் காட்டினால்தானே ஜனம் வரும்?

நியாயமான கவலைதான். இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு: ஆர்எஸ்எஸ் ஓடை (RSS feed). உங்கள் தளத்தில் புதிதாக ஒன்று வந்ததும் அதைப் பின்தொடர்கிறவருக்குத் தானாகப் போய்ச் சேரும். நடுவில் யாரும் மறைக்க முடியாது. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் இந்த ஓடைகளை வைத்துத்தான் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பூக்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. யாருக்கு எதைக் காட்டுவது என்று அங்கே ரகசியக் கணக்கு ஏதும் இல்லை. புதிதாக எழுதியது மேலே வரும், அவ்வளவுதான். ஓடை வசதி இன்றும் உயிரோடு இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்.

ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நொய்யல் அணைக்கட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைத் தேடி வந்து படிக்கும் முப்பது பேர், ரீலைத் தள்ளிவிட்டுப் போகும் மூவாயிரம் பேரை விட எனக்கு முக்கியம்.

கம்பெனிகள் இலவசமாக இணையம் கொடுத்தால் ஏன் எதிர்க்க வேண்டும்?

2015-ல் ஃபேஸ்புக், ஃப்ரீ பேசிக்ஸ் என்ற திட்டத்தை இந்தியாவில் பரப்பப் பார்த்தது. டேட்டா காசு இல்லாமல் இணையம் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் சேர்ந்த தளங்களை மட்டும்தான் பார்க்க முடியும். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. எதிர்த்தவர்களிடம் விளம்பரக் காசு இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில், இணையச் சமநிலை வேண்டும், அதாவது எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய்க்குப் போயிருந்தன. கடைசியில் 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு வேறு டேட்டா கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் விதி போட்டது.

அந்த விதி வராமல் போயிருந்தால் அவிநாசியில் இருக்கும் ஒரு பள்ளி மாணவிக்கு ஒரு பெரிய கம்பெனியின் தளம் இலவசம், நீங்கள் எழுதும் ஊர் வரலாற்றுப் பக்கத்துக்குக் காசு என்று ஆகியிருக்கும். பெரிய ஊடகம் விளம்பரம் வாங்கிப் போட்ட நேரத்தில் சாதாரண ஜனம் மின்னஞ்சல் எழுதி ஜெயித்த சண்டை இது. பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்க வேண்டும்.

எங்கள் வள்ளிக்கும்மி அரங்கேற்ற வீடியோவுக்கு யூடியூபில் காப்பிரைட் க்ளெய்ம் வந்துவிட்டது. பாட்டு பரம்பரைப் பாட்டாயிற்றே?

இப்போது அதிகம் வரும் கேள்வி இதுதான். வள்ளிக்கும்மி ஆசிரியர் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு ஊருக்கு ஊர் குழுக்கள் பெருகியிருக்கின்றன. ஒவ்வொரு அரங்கேற்றமும் யூடியூபுக்குப் போகிறது. கூடவே க்ளெய்மும் வருகிறது.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆடியோ கம்பெனிகள் தங்கள் பதிவுகளை யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற கருவியில் கொடுத்துவைத்திருக்கின்றன. நீங்கள் ஏற்றும் ஒலியை அது அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. மெட்டும் தாளமும் ஒத்துப்போனால் கொடி தூக்கிவிடும். பாட்டு யாருடையது, எத்தனை தலைமுறை பழையது என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது.

சட்டப்படி விஷயம் இதுதான். ஆசிரியர் யாரென்றே தெரியாத பரம்பரைப் பாட்டை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு கம்பெனி அதைப் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்கு மட்டும் 60 ஆண்டு உரிமை உண்டு. நீங்கள் உங்கள் குழுவோடு, உங்கள் ஜமாப் மேளத்தோடு பாடியது வேறு பதிவு. அதில் பாடிய உங்களுக்கே கலைஞர் உரிமை இருக்கிறது. ஆனால் விழாவில் ஒலிபெருக்கியில் கம்பெனி பாட்டையே ஓடவிட்டு அதற்கு ஆடியிருந்தால் க்ளெய்ம் நியாயம்தான். இப்போது பல ஊரில் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் எழுதி மெட்டமைத்த கும்மிப் பாட்டு என்றாலும் அவர் அனுமதி வேண்டும்.

காங்கேயம் பக்கத்துக் குழு ஒன்றுக்கு விநாயகர் துதி முடிந்து வரும் இரண்டாவது பாட்டுக்கு க்ளெய்ம் வந்தது. பாடியவர் அந்த வாத்தியாரே. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. மறுப்பு எழுத உட்கார்ந்தபோது அவர்கள் மன்னிப்புக் கடிதம் மாதிரி எழுதியிருந்தார்கள். அதை மாற்றி நான்கு வரியில் எழுதினோம்: இது பரம்பரைப் பாட்டு, பாடியவர் இன்னார், பறையும் ஜமாப்பும் இன்ன குழு, இன்ன ஊரில் இன்ன தேதியில் நேரடியாகப் பதிவானது, உங்கள் பதிவின் எந்தப் பகுதியும் இதில் இல்லை. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. அவர்கள் பதிலே சொல்லவில்லை, க்ளெய்ம் விழுந்துவிட்டது.

க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. க்ளெய்மில் பெரும்பாலும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும். ஸ்ட்ரைக் என்பது நீக்கக் கோரிக்கை. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். பயத்தில் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நம்ம ஆத்தாக்கள் பாடிய பாட்டு ஒரு கம்பெனியின் கணக்கில் ஏறிக் கிடப்பதை ஏற்றுக்கொள்ளவே கூடாது. மூல வீடியோக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி.

நான் எடுத்த நடுகல் படத்தைப் பத்திரிகையில் "படம்: இணையம்" என்று போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

முட்புதருக்குள் புகுந்து, சுண்ணாம்பு பூசிய கல்லைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, சாய்வெயில் விழும் வரை காத்திருந்து எடுத்த படத்துக்கு இப்படி ஒரு பெயரைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். இணையம் என்று ஒரு புகைப்படக்காரர் கிடையாது.

விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில், பெயர் குறிப்பிட வேண்டும் என்ற உரிமத்தில் போட்டிருந்தால், பத்திரிகை அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் பெயரும் உரிமத்தின் பெயரும் போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் உரிமத்தின் நிபந்தனை முறிந்துவிட்டது, அது காப்புரிமை மீறல். உரிமம் எதுவும் குறிப்பிடாமல் போட்ட படம் என்றாலும் உரிமை உங்களுடையதே. பொதுவில் கிடக்கிறது என்பதால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். படத்தின் மூல முகவரி, அச்சான பக்கத்தின் படம், எப்படிப் பெயர் போட வேண்டும் என்ற வரி, இந்த மூன்றும் இருக்கட்டும். கோபத்தைச் சமூக ஊடகத்தில் கொட்டுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். பல நேரம் மேசையில் இருக்கும் உதவி ஆசிரியருக்கு உரிமம் என்றால் என்னவென்றே யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சொன்னால் இணையப் பதிப்பிலாவது திருத்துகிறார்கள்.

இதே ஊடகங்கள் தங்கள் காட்சியில் சில விநாடிகளை ஒருவர் பயன்படுத்தினால் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2025 மே மாதம், ஒரு செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் போட்டுவிட்டு அதை நீக்க லட்சக்கணக்கில் கேட்கிறது என்று யூடியூபர்கள் பலர் வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவு பயன்படுத்த இடம் கொடுக்கிறது. பெரியவர்கள் எடுத்தால் இணையம், சிறியவர்கள் எடுத்தால் திருட்டு என்ற கணக்கு இருவருக்கும் ஒன்றாக வேண்டும்.

அப்படியானால் பத்திரிகை, சேனல் எல்லாம் வேண்டாமா?

வேண்டும். மிகவும் வேண்டும். மாநகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானத்தைப் படிப்பதற்கும், சாயக்கழிவு வழக்கில் வருடக்கணக்காக நீதிமன்றத்துக்குப் போய்வருவதற்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால்தான் முடியும். தன்னார்வலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

நகைக்கடை, ஜவுளிக்கடை, பள்ளிச் சேர்க்கை விளம்பரங்கள் நாளிதழின் இணைப்பிலிருந்து கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் நகர்ந்துவிட்டன. அடி முதலில் விழுந்தது ஊர் நிருபர் மேல். தாலுகா நிருபரிடம் செய்தியும் கேட்டு விளம்பரமும் பிடித்து வரச் சொன்னால், விளம்பரம் கொடுத்தவரைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்? ஆகவே இந்தச் சண்டையில் உள்ளூர்ப் பத்திரிகையும் நாமும் பல நேரம் ஒரே பக்கம்தான். சந்தா கட்டிப் படியுங்கள். பொதுநலச் செய்தி, வெள்ள எச்சரிக்கை, நோய் எச்சரிக்கை போன்றவற்றைக் கட்டணச் சுவருக்கு வெளியே வையுங்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் பொய்யும் பரவுமே?

பரவும். திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியவை அவை. பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த பிள்ளைகள் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகப் போய் இந்தியில் தைரியம் சொன்னார்கள். பீகார் அரசின் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்தப் பொய்யை யூடியூபர்கள் மட்டும் பரப்பவில்லை. அச்சுப் பத்திரிகையும் போட்டது, அதன் மீதும் வழக்கு வந்தது. நிறுவனப் பெயர் இருப்பதால் உண்மை என்றும் இல்லை, தனியாள் போட்டதால் பொய் என்றும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்று வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப் ஃபார்வர்டில் அது அறவே கிடையாது. மூலம் தெரியாத வீடியோவைத் தள்ளிவிடாமல் நம்மிடமே நிறுத்திக்கொள்ள நம் எல்லோராலும் முடியும்.

திறந்து வைப்பதற்கு எல்லை கிடையாதா?

உண்டு. அடுத்தவரின் அந்தரங்கம்தான் எல்லை. பொள்ளாச்சி வழக்கு 2019-ல் வெளியே வந்தபோது அந்தக் கொடூர வீடியோவை நியாயம் கேட்கிறோம் என்ற பெயரிலேயே ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்தார்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அதிகாரிகளே வெளியிட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது சட்டப்படி குற்றம். 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தத் தீர்ப்பு, மறைந்திருந்து சாட்சி சொன்ன பெண்களின் தைரியத்தால் வந்தது, சுற்றிய வீடியோவால் அல்ல. தகவல் திறந்திருக்க வேண்டும் என்று பேசும் நாம் இந்த இடத்தில் கொஞ்சமும் தளரக் கூடாது.

புதுப்படம், புத்தகப் பிடிஎஃப் பகிர்வதும் திறந்த பண்பாடுதானே?

இல்லை. எழுதியவர் விட்டுக்கொடுத்ததைப் பகிர்வது ஒன்று, அவரிடமிருந்து பிடுங்குவது வேறொன்று. ஆயிரம் பிரதி விற்றாலே பெரிது என்று இருக்கும் தமிழ் எழுத்தாளரின் நூலை டெலிகிராமில் போடுகிறவர் எந்தக் கம்பெனியையும் எதிர்க்கவில்லை.

ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் என் பார்வை வேறு. அரசுப் பணத்தில் ஆய்வு நடக்கிறது, ஆய்வாளர் எழுதுவதற்குக் காசு வாங்குவதில்லை. அதை வெளிநாட்டுப் பதிப்பகம் பூட்டி வைத்து நமக்கே விற்கிறது. மத்திய அரசு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி 2025 முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தை நடத்துகிறது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு அதில் பயன். கோபியில் மஞ்சளுக்கு வந்த இலைநோயைப் பற்றிப் படிக்க நினைக்கும் விவசாயிக்கு இல்லை. அவருக்கு உதவுவது கோவை வேளாண் பல்கலைக்கழகம் தமிழிலேயே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் வேளாண் தகவல் தளம். எல்லா ஆய்வும் அந்த வழிக்கு வர வேண்டும்.

வெளிநாட்டுச் செயலியை விட்டு நம் நாட்டுச் செயலிக்கு மாறினால் சரியாகிவிடுமா?

முதலாளி எந்த ஊர்க்காரர் என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. வேறு செயலியில் இருப்பவரோடு அதிலிருந்து பேச முடியுமா, என் தரவை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பதே முதல் கேள்வி. யுபிஐயில் நீங்கள் எந்தச் செயலி வைத்திருந்தாலும் டீக்கடை ஸ்கேனருக்குப் பணம் போகிறது. மின்னஞ்சலும் அப்படித்தான். குறுஞ்செய்திச் செயலிகளும் அப்படி ஆக வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது. இங்கேயும் கேட்கலாம்.

நாம் இலவசமாக எழுதியதை ஏஐ கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றனவே?

உண்மைதான், எனக்கும் இதில் கோபம் உண்டு. விக்கிமீடியா தளங்களில் படங்களையும் வீடியோக்களையும் இறக்கும் அளவு 2024 ஜனவரியிலிருந்து 2025 ஏப்ரலுக்குள் 50 விழுக்காடு கூடியது. பெரும்பாலும் ஏஐ கம்பெனிகளுக்காகத் தானாக அள்ளும் கருவிகளால். அந்தச் செலவு நன்கொடைக் காசிலிருந்து போகிறது. பெயர் குறிப்பிட வேண்டும் என்று நாம் போட்ட நிபந்தனை அங்கே காணாமல் போகிறது. செய்தி நிறுவனமான ஏஎன்ஐ 2024-ல் சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இதில் சட்டம் தெளிவாவதற்குக் காலம் எடுக்கும்.

அதற்காக எழுத்தைப் பூட்டலாமா என்றால், நான் பூட்ட மாட்டேன். பூட்டினால் முதலில் வெளியே நிற்கப்போவது நம்ம ஊர்ப் பள்ளிப் பிள்ளைதான், கம்பெனி அல்ல. எடுப்பவர்கள் மூலத்தைச் சொல்ல வேண்டும், செலவில் பங்கு தர வேண்டும் என்று கேட்பதுதான் என் நிலை. உங்கள் எழுத்துக்கு நீங்கள் வேறு முடிவு எடுத்தால் அதையும் மதிக்கிறேன்.

நேரம் அதிகம் இல்லை. சின்னதாக எங்கே தொடங்கலாம்?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊர்க் குளத்தின் பெயரை ஊரார் சொல்லும்படி சேருங்கள். பத்து நிமிட வேலை.

வீட்டில் பழைய உடுக்கையடிப் பாட்டுக் கேசட்டுகள் இருக்கின்றன. இணையத்தில் ஏற்றலாமா?

முதலில் அது கடையில் வாங்கியதா, வீட்டில் பதிந்ததா என்று பாருங்கள். கம்பெனி வெளியிட்டது என்றால் 60 ஆண்டு உரிமை இருக்கிறது. கணினிக்கு மாற்றிப் பத்திரப்படுத்துங்கள், ஏற்ற வேண்டாம். வீட்டுப் பதிவு என்றால் பாடியவர் அல்லது அவர் குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு விக்கிமீடியா பொதுவகத்திலும் இணைய ஆவணகத்திலும் (Internet Archive) ஏற்றலாம். இரண்டு இடத்தில் இருப்பது நல்லது.

பாடியவர் பெயர், ஊர், எந்தக் கோயில் நோன்பு, ஏறக்குறைய எந்த ஆண்டு, உடுக்கை யார் அடித்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் பக்கம் தங்கி, கொங்கு நாட்டு நாட்டுப்புறக் காவியமான அண்ணன்மார் கதையைப் பாடகர் பாடப்பாட ஒலிநாடாவில் பிடித்தார். யார் பாடியது, எங்கே, எப்போது என்ற குறிப்போடு இருப்பதால்தான் இன்று அந்தப் பதிவை வைத்து ஆய்வு செய்ய முடிகிறது. பெயர் இல்லாத பதிவை நாளைக்கு வேறொருவர் தன்னுடையது என்பார்.

மாற்றும்போது எம்பி3-யில் மட்டும் வைக்காதீர்கள். ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக ஒரு மூலப் பிரதி இருக்கட்டும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போட வேண்டாம். அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் ஏறும். அதைத் தனியாக ஒரு உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, நாடாச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.